போர்க்கைதி வீடு திரும்பும்போது: வாசகர் கேள்விகள்

கேள்வி: பதினான்கு மாதம் போர்க்கைதியாக இருந்த என் கணவர் அடுத்த வாரம் வருகிறார். 62 கிலோ இருந்தவர் இப்போது 44 கிலோவாம். என்னென்ன சமைத்துப் போட்டு உடம்பைத் தேற்றலாம்?

பதில்: முதல் வாரம் தேற்றவே வேண்டாம். பட்டினிக்குப் பழகிய உடம்பு கொழுப்பைக் கரைத்துத்தான் காலம் தள்ளியிருக்கும். திடீரென மாவும் சர்க்கரையும் உள்ளே போனால் இன்சுலின் எகிறும். ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் போன்ற தாது உப்புகள் எல்லாம் செல்களுக்குள் போய்விடும். இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுதலையானவர்களில், சாப்பிடத் தொடங்கிய பிறகு இறந்தவர்கள் உண்டு. இந்த நிலைக்கு 'ரீஃபீடிங் சிண்ட்ரோம்' என்று பெயர்; டாக்டரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள்.

தொடக்க அளவு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 கலோரி. 44 கிலோவுக்கு 440. பதினைந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவருக்கு 5 தான். முழு அளவுக்கு வர 4 முதல் 7 நாள் ஆகும். முதல் கவளத்துக்கு முன்பே தயமின் (பி1) கொடுத்தாக வேண்டும், ரத்தத்தையும் அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். ஆகவே இது அடுப்படி வேலை இல்லை, ஆஸ்பத்திரி வேலை. பார்க்க வருகிறவர்களின் இனிப்பு டப்பாவும் ஜூஸ் பாட்டிலும்தான் பெரிய ஆபத்து. வாங்கி ஓரமாக வையுங்கள். கால் வீக்கம், மூச்சிரைப்பு, பேச்சில் குழப்பம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் தலையணைக்கடியில் ரொட்டித் துண்டு கிடந்தால் திட்டாதீர்கள். கட்டிலருகே ஒரு டப்பாவில் தின்பதற்கு ஏதாவது வைத்து, குறையக் குறைய நிரப்புங்கள்.

கேள்வி: தூக்கத்தில் கத்தினார் என்று தோளைத் தொட்டேன். என் கழுத்தைப் பிடித்துவிட்டார். பயமாக இருக்கிறது.

பதில்: தொட்டு எழுப்பாதீர்கள். கால்மாட்டுப் பக்கம் கை எட்டாத தூரத்தில் நின்று, விளக்கைப் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கொஞ்ச நாள் தனிக்கட்டிலில் படுப்பதில் தப்பே இல்லை. தூக்கத்துக்காகக் குடிக்க விடாதீர்கள்; கண் சொருகும், பின்னிரவில் தூக்கம் கலைந்து கெடும். முகாமில் என்ன நடந்தது என்று தோண்டவும் வேண்டாம். அவராகச் சொன்னால் கேளுங்கள். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவும் திடுக்கிடலும் நிற்காவிட்டால் மனநல மருத்துவரிடம் போங்கள். சரியாகிவிட்டது என்று சீக்கிரம் முடிவுகட்டிவிடவும் வேண்டாம். 1973 போரில் பிடிபட்ட இஸ்ரேலியச் சிப்பாய்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்ததில், காலம் போகப்போகப் பாதிப்பு கூடியவர்களும் இருந்தார்கள். அவர்களின் மனைவிமார் சிலருக்கும் அதே போன்ற அறிகுறிகள் தொற்றியிருந்தன. உங்கள் தூக்கத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா ஏதாவது சொன்னால், "அம்மாவைக் கேட்டுக்கறேன்" என்கிறான் பதினொரு வயது மகன். இவர் முகம் செத்துப்போகிறது. வரவு செலவையெல்லாம் இவர் கையிலேயே கொடுத்துவிடவா?

பதில்: ஒரே நாளில் வேண்டாம். இத்தனை மாதம் வீட்டை ஓட்டியது நீங்கள். அதைத் தூக்கிக் கொடுத்தால் அவர் திணறுவார், உங்களுக்கும் உள்ளுக்குள் கசக்கும். முதல் மாதம் கணக்கை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். அடுத்து ஒரே ஒரு பொறுப்பை, கரண்ட் பில் மாதிரி, முழுசாக அவரிடம் விடுங்கள். பையனோடு அதட்டலுக்கு முன் பழக்கம் வேண்டும்: பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடுவது போல தினமும் ஒரே நேரத்தில் செய்யும் ஒரு வேலை. மகனிடம், "சத்தம் கேட்டால் அப்பா திடுக்கிடுவார், உன்மேல் கோபமில்லை" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கேள்வி: பின்னால் ஓய்வூதியத்துக்கு என்ன காகிதம் வேண்டும்?

பதில்: 1949-ன் மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தப்படி, முகாமில் சிகிச்சை பெற்றவர் கேட்டால் நோயும் சிகிச்சையும் குறித்த சான்று தந்தாக வேண்டும் (பிரிவு 30). விடுதலையின்போது, முகாமில் அவர் பேரில் இருந்த பணக் கணக்கில் அவருக்குச் சேர வேண்டிய பாக்கி எவ்வளவு என்ற சீட்டும் உண்டு (பிரிவு 66). சிறைப்பட்டிருந்ததற்கான அத்தாட்சியைச் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவிடம் கேளுங்கள். காயங்கள் ஆறுவதற்குள் தேதியோடு போட்டோ எடுத்து, டாக்டர் குறிப்போடு சேர்த்து வையுங்கள். பல்லையும் காதையும் சோதிக்க மறக்க வேண்டாம்.