சிரிப்பும் வீட்டுக் கணக்கும்

அன்புள்ள ஐயா,

‘ரோசேன்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, தங்கையுடன் அமர்ந்து சில பகுதிகளைப் பார்த்தேன். பணம் கட்டாததால் வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்படும் இடத்தில் பார்வையாளர் கூட்டம் சிரிக்கிறது. எங்களால் சிரிக்க முடியவில்லை. அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அம்மா கடற்பாசி எடுக்கிறவர். அந்த இருட்டு எங்கள் வீட்டிலும் இருந்திருக்கிறது. இல்லாதவர் படும் பாட்டைக் காட்டி இருப்பவரைச் சிரிக்க வைப்பது முறையா? நாளை எங்கள் பாம்பனை வைத்து ஒருவர் இப்படி எடுத்தால், அது எங்களைக் கேலி செய்வதாகாதா?

எம்., சின்னப்பாலம்

அன்புள்ள எம்.,

விளக்கு அணைந்ததும் முதலில் வாய் திறப்பது யார் என்று பாருங்கள். நடுத்தர வர்க்கமாக இருந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன என்று இருட்டில் நின்று சொல்கிறவள் அந்த வீட்டுக்காரி ரோசேன். கூட்டம் சிரிப்பது அவள் சொன்ன பிறகுதான். நம் திரைப்படங்களில் மீன் விற்கும் பெண் வந்தால், அவர் குரலும் கூடையின் வாடையுமே நகைச்சுவையாகிவிடும். அவருக்கென்று ஒரு நையாண்டி இருக்கக்கூடும் என்று எழுதியவருக்குத் தோன்றியிருக்காது. தொடரில் வரும் கானர் குடும்பத்தில் அடிபடுகிறவளே நையாண்டியையும் தன் கையில் வைத்திருக்கிறாள். இல்லத்தரசியின் அலுப்பை மேடையில் தனியாளாக நின்று பேசிப் பெயர் பெற்று, இதில் ரோசேனாக நடித்த ரோசேன் பாரின் நகைச்சுவையிலிருந்தே அந்தத் தொடர் உருவானது. (அதே நடிகை 2018இல் இட்ட இனவெறிப் பதிவால், புதுப்பிக்கப்பட்ட தொடர் நிறுத்தப்பட்டது. அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.)

1988இல் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய அத்தொடரில், இல்லினாய் மாநிலத்தின் லான்ஃபர்ட் என்னும் கற்பனை ஊரில், ரோசேன் பிளாஸ்டிக் தொழிற்சாலைக்குப் போகிறாள். கணவன் டேன் வீடுகளுக்குச் சுவர்ப் பலகை பொருத்தும் ஒப்பந்த வேலை பார்க்கிறான். முதல் சீசனின் முடிவில், மேலாளர் உற்பத்தி இலக்கை உயர்த்தியதைப் பொறுக்காமல் அவளும் உடன் வேலை செய்பவர்களும் வெளியேறுகிறார்கள். வேறொரு தொடராயிருந்தால் அடுத்த வாரமே அவளுக்கு நல்ல வேலை கிடைத்திருக்கும். இவளோ அழகு நிலையத்தில் வெட்டிய முடியைக் கூட்டுகிறாள், உணவகத்தில் பரிமாறுகிறாள். டேன் ஆசையாகத் திறந்த மோட்டார் சைக்கிள் கடையும் பின்னால் மூடப்படுகிறது. அந்த வீட்டில் ஒவ்வொரு சிரிப்புக்கும் அடியில் கட்ட வேண்டிய ஒரு தொகை இருக்கிறது. ஒன்பதாம் சீசனில் லாட்டரியில் 10.8 கோடி டாலர் விழுந்ததும் தொடர் உப்புச்சப்பற்றுப் போனது அதனால்தான் என்பது என் எண்ணம். 1997இல் வந்த கடைசிப் பகுதியில், பரிசு விழுந்ததெல்லாம் ரோசேன் எழுதிய கற்பனை, டேன் மாரடைப்பால் இறந்துவிட்டான் என்று தெரியவந்தபோது பலர் கோபப்பட்டார்கள். எனக்கோ தொடர் தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டதாகவே தோன்றியது.

இனி பாம்பனுக்கு வருவோம். படகு கரை சேர்ந்ததும் டீசலுக்கும் ஐஸுக்கும் கழித்து, சம்மாட்டி என்கிற படகு உரிமையாளரின் பங்கும் போக, மிஞ்சுவதுதான் ஆட்களுக்கு. வலையில் சங்காயம் என்கிற, விலை போகாத கழிவு மீன் மட்டுமே விழுந்த நாளில், அந்தத் தொகையை வீட்டில் எந்த முகத்தோடு சொல்வது என்று ஒருவர் யோசித்தபடி நடந்து வருவதே ஒரு பகுதிக்குப் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், வேலையில்லாத ஆண் அடுப்படியில் வந்து நின்று குழம்புக்குப் புளி போதாது என்று யோசனை சொல்லத் தொடங்குவார். 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்ந்த நிவாரணத் தொகை, வங்கிக் கணக்கில் ஏறுவதற்கு முன்பே மூன்று பேருக்கு வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கும்.

உங்கள் அம்மா கடலில் இறங்குமுன் விரல்களில் துணிக் கீற்றைச் சுற்றிக் கட்டுவதையும், பாறை கிழிக்காமலிருக்கத் தகட்டைச் செருப்பாக்கிக் காலில் மாட்டுவதையும் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். அந்தக் கட்டுகளைப் போட்டுக்கொண்டே பெண்கள் பேசும் பேச்சில் சம்மாட்டியும் தப்புவதில்லை, வனத்துறைக்காரரும் தப்புவதில்லை, கட்டிய கணவரும் தப்புவதில்லை. அதைக் காதால் கேட்டவர் எழுதினால் கேலியாகாது. சென்னையில் உட்கார்ந்து ஒருவர் ஊகித்து எழுதும்போதுதான் நீங்கள் அஞ்சுவது நடக்கும். ஆளை இலங்கைக் கடற்படை பிடித்துப்போன வீட்டைப் பற்றி மட்டும் எனக்குத் துணிவு போதாது. அந்த வீட்டுப் பெண்களே அதைச் சிரிப்பாகச் சொன்னாலொழிய, நான் தொட மாட்டேன்.

இப்படியொரு தொடர் நம்மிடம் வராததற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. ‘ரோசேன்’ வாரம் ஒருமுறை வந்த அரைமணி நேரத் தொடர். ஓர் எழுத்தாளர் குழு அதன் வசனங்களைக் கூடி உட்கார்ந்து இழைத்தது. நம் நெடுந்தொடர்களோ நாள்தோறும் ஒளிபரப்பாக வேண்டும். அந்த வேகத்தில் அழுகையை எழுதிவிடலாம். சிரிப்பை எழுதுவது கடினம். வாரத் தொடராக, சின்னப்பாலத்துப் பேச்சு நாவில் உள்ள பெண்கள் இருவரையாவது எழுத்துக் குழுவில் சேர்த்துக்கொண்டு ஒருவர் எடுக்க முன்வந்தால், நீங்களே அதில் ஒருவராக இருக்கலாமே என்றுதான் சொல்வேன்.