தெரிந்தும் ஏன் வாங்குகிறார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அப்பா ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். 49 எண்களில் ஆறைத் தேர்ந்தெடுக்கும் லாட்டரியில் வாரம் தவறாமல் ஒரே ஆறு எண்களைப் போட்டு வருகிறார். சமீபத்தில் காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட என்னை அனுப்பி வாங்கச் சொன்னார். எனக்கு நிகழ்தகவு சொல்லிக்கொடுத்ததே அவர்தான். கணக்கைக் காட்டினால், "தெரியும்டா" என்கிறார். தெரிந்தும் ஏன்? இது பேராசையா, போதையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 49-இல் ஆறைத் தேர்ந்தெடுக்க 1,39,83,816 வழிகள் உண்டு. வாரம் ஒரு சீட்டு வாங்கினால், முதல் பரிசுக்குச் சராசரியாக 2,69,000 வருடம் காத்திருக்க வேண்டும். பல நாட்டு லாட்டரிகளில் வசூலாகும் பணத்தில் ஏறக்குறைய பாதிதான் பரிசாகத் திரும்புகிறது. மீதி அரசுக்கும் நற்பணிகளுக்கும் விற்பவர் கமிஷனுக்கும் போய்விடும். இதெல்லாம் அப்பாவுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். இனி சொல்லிக்காட்ட வேண்டாம், பாவம்.

ஆனால் அதே கணக்கில் இன்னொரு வரி இருக்கிறது. ஆறில் மூன்று எண் மட்டும் பொருந்தும் வாய்ப்பு 57-இல் ஒன்று. அதாவது, வாரம் ஒரு சீட்டு போடுபவருக்கு ஏறத்தாழ வருடத்துக்கு ஒருமுறை. நான்கு பொருந்துவது இருபது வருடத்துக்கு ஒருமுறை. பரிசு சிறியதுதான், ஆனால் ஆளை வரிசையில் நிற்க வைக்க அது போதும்.

பெரிய பரிசின் வேலை வேறு. அமெரிக்காவின் பவர்பால் லாட்டரியில் 2015 அக்டோபரில் விதியை மாற்றினார்கள். முதல் பரிசு விழும் வாய்ப்பு சுமார் 17.5 கோடியில் ஒன்றிலிருந்து 29.2 கோடியில் ஒன்றாகக் குறைந்தது. ஜெயிப்பது கடினமானால் கூட்டம் குறையும் என்றுதானே நினைப்போம்? பரிசு யாருக்கும் விழாமல் வாரா வாரம் சேர்ந்து, 2016 ஜனவரியில் 158 கோடி டாலரைத் தாண்டியது. கடைகளில் வரிசை நீண்டது. 17 கோடிக்கும் 29 கோடிக்கும் உள்ள வித்தியாசம் மனசுக்கு உறைப்பதில்லை. பரிசுத் தொகை உறைக்கிறது.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது "ஒரே ஆறு எண்கள்" என்பதுதான். அவை அவருக்கு மனப்பாடம். ஒரு வாரம் வாங்காமல் விட்டு, அந்த வாரம் பார்த்து அவை விழுந்துவிட்டால்? குலுக்கல் முடிவு எப்படியும் காதில் விழும், தப்பிக்க வழியில்லை. காய்ச்சலில் உங்களைக் கடைக்கு விரட்டியது இந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். பேராசைக்காரர் ஒரு வாரம் விட்டால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்வார்.

இந்தப் பயத்தையே அச்சாணியாக வைத்து நடப்பது நெதர்லாந்தின் அஞ்சல் குறியீட்டு லாட்டரி. அங்கே உங்கள் வீட்டு அஞ்சல் குறியீடுதான் உங்கள் எண். ஒரு குறியீடு என்பது தெருவின் ஒரு துண்டு. அது குலுக்கலில் விழுந்தால், அந்தத் துண்டில் சீட்டு வாங்கிய எல்லோருக்கும் பரிசு. வாங்காதவருக்கும் தன் எண் விழுந்தது தெரிந்துவிடும். பக்கத்து வீட்டில் கொண்டாட்டம் நடக்கும்போது ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மார்செல் ஸீலன்பெர்க், ரிக் பீட்டர்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பின்னால் வருந்த நேரிடுமோ என்ற எண்ணம் இந்த லாட்டரியை வாங்கத் தூண்டுவதைக் காட்டினார்கள். சாதாரண அரசு லாட்டரியில் அந்த எண்ணத்துக்கு அவ்வளவு வேலை இல்லை. விற்பனை உத்தியாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம். எனக்கு அது கொஞ்சம் குரூரமாகவும் படுகிறது.

"இத்தனை நாள் வரவில்லை, இனி வந்தே தீரும்" என்று அப்பா சொல்கிறாரா? அப்படியென்றால்தான் கவலைப்பட வேண்டும். இத்தாலிய லாட்டரியின் வெனிஸ் குலுக்கலில் 53 என்ற எண் ஏறத்தாழ இரண்டு வருடம் வராமல் போனது. வந்தே ஆகும் என்று ஜனங்கள் சேமிப்பையெல்லாம் அதில் கொட்டினார்கள். 2005 பிப்ரவரியில் அது வருவதற்குள் பல குடும்பங்கள் கடனில் மூழ்கியிருந்தன.

போதையா என்றால், கடன் வாங்குகிறாரா, மறைக்கிறாரா, வாராவாரம் சீட்டு கூடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் உட்கார்ந்து பேச வேண்டும், தேவைப்பட்டால் மருத்துவரிடமும். வாரம் ஒன்றோடு நிற்கிறது என்றால் பயப்பட ஏதுமில்லை.

ஒரு யோசனை. அடுத்த வாரம் எண்களை மெஷினே எடுக்கட்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஜெயிக்கும் வாய்ப்பு இம்மியும் மாறாது என்பது கணக்கு வாத்தியாருக்குத் தெரியும். மனப்பாடமான எண்கள் இல்லையென்றால் ஒரு வாரம் விட்டாலும் உறுத்தாது. அனேகமாக ஒத்துக்கொள்ள மாட்டார். என்ன காரணம் சொல்கிறார் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.