தூங்கிப்போன கச்சேரி

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 27. போன செப்டம்பர் கடைசியில் அருணாசலப் பிரதேசத்தில் நடக்கும் ஜீரோ இசை விழாவுக்குத் தனியாகப் போய்வந்தேன். கவுகாத்திவரை விமானம், நாகர்லகுன்வரை ரயில், அங்கிருந்து சுமோவில் மலையேற்றம். நான்கு நாட்கள். சுற்றிலும் நெல்வயல். பகலுக்குச் சூரியன் பெயரில் ஒரு மூங்கில் மேடை, இரவுக்குச் சந்திரன் பெயரில் ஒன்று. பாதி நேரம் மழை, கணுக்கால்வரை சேறு. பெயர் தெரியாதவர்களோடு ஒரே குடைக்குள் நின்று ஆடினேன். அங்கே ஏற்றத்தாழ்வே இல்லை ஐயா, எல்லோரும் சமம்.

மூன்றாம் நாள் இரவு, ஐந்து வருடமாக நேரில் கேட்க ஆசைப்பட்ட குழு மேடையேறியது. மழைக்கோட்டை ஈரப்புல்லில் விரித்து உட்கார்ந்தேன். இரண்டாவது பாட்டிலேயே தூங்கிவிட்டேன். கைதட்டல் சத்தத்தில் முழித்தால் எல்லாம் முடிந்திருந்தது. முப்பதாயிரம் ரூபாய் செலவில், தூங்கிய ஒன்றரை மணி நேரத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பார்த்து அழுகையே வந்தது. “தூங்குறதுக்கா அவ்வளவு தூரம் போன?” என்று தோழி இன்றுவரை கிண்டல் செய்கிறாள்.

எனக்கு இசை ஞானம் கிடையாது. இப்படிக் கேட்பது கேட்பதாகுமா? கொஞ்சம் முறையாகக் கற்றுக்கொண்டு அப்புறம்தான் இதற்கெல்லாம் போக வேண்டுமா? வீட்டில் கோவா என்று சொல்லிவிட்டுப் போனது வேறு உறுத்துகிறது. அடுத்த வருடம் போகலாமா?

ஆர்., கோவை

*

அன்புள்ள ஆர்.,

போன வாரம் சென்னையில் ஒரு சபாவில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இரண்டு இருக்கை தள்ளி ஒரு பெரியவர். எண்பது வயது இருக்கும். ஆலாபனை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தலை சாய்ந்துவிட்டது. லேசாகக் குறட்டை, அவ்வளவுதான். பின்வரிசையிலிருந்து ஒருவர் குடைக்காம்பை நீட்டி அவர் தோளில் தட்டினார். பெரியவர் பதறி எழுந்து, திரும்பி, இரண்டு கையையும் கூப்பி மன்னிப்புக் கேட்டார். அந்தக் கும்பிடு இரண்டு நாளாகத் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டிருந்தது. மூன்றாம் நாள் உங்கள் கடிதம். அதனால்தான் பதில். இல்லாவிட்டால், பயணம் போகலாமா வேண்டாமா என்று கேட்கும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

வீட்டில் கோவா என்று சொன்னது உங்களுக்கும் உங்கள் அம்மாவுக்கும் இடையிலான விஷயம். அதற்குள் நான் வரவில்லை. தோழியின் கிண்டலை விடுங்கள், அவருக்கும் வரத்தான் ஆசையாக இருந்திருக்கும். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரக் கணக்கு இருக்கிறதே, அதைப் படித்து எனக்குக் கோபம்தான் வந்தது. கூலிக்கு ஆள் வைத்தவர் வேலை நேரத்தில் தூங்கியவனுக்குச் சம்பளம் பிடிக்கிற கணக்கு அது. நீங்கள் அங்கே வேலைக்கா போனீர்கள்?

இன்னொன்று. “எல்லோரும் சமம்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நிமிடம் நில்லுங்கள் அம்மா. கூரை இல்லாத இடத்தில் கதவும் இருக்காது என்று யார் சொன்னது? முப்பதாயிரம் ஒரு கதவு. வெளி மாநிலத்தார் அருணாசலத்துக்குள் போக இன்னர் லைன் பெர்மிட் வாங்க வேண்டும், அது ஒரு கதவு. அங்கத்து மக்களின் பாதுகாப்புக்காக இருப்பது, இருக்கட்டும். சேற்றில் கால் வைப்பது உங்களுக்கு நான்கு நாள் கொண்டாட்டம். அந்தப் பள்ளத்தாக்கில் நெல்லோடு மீனையும் சேர்த்து வளர்க்கிற அபதானிப் பழங்குடிப் பெண்களுக்கு அதுதான் பிழைப்பு. ஒரே சேறுதான், சமம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எங்கள் ஊர்ப்பக்கக் கதையைச் சொல்கிறேன். திருவையாற்றில் காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதி பாழடைந்து கிடந்தது. 1920களில் தன் சொந்தப் பணத்தைப் போட்டு அதைக் கோயிலாக எழுப்பியவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். அங்கே தியாகராஜருக்கு வருடாவருடம் ஆராதனை என்று இசை விழா நடத்திய ஆண்கள் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்து தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்கள். பெண்கள் பாடக் கூடாது என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒற்றுமை. கட்டியவருக்கே அங்கே பாட இடமில்லை. 1927-ல் அவர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு சமாதியின் பின்பக்கத்தில் தனியாகக் கச்சேரி நடத்தினார். கட்சிகள் ஒன்றாகி எல்லோரும் சேர்ந்து உட்கார நாற்பதுகள் வர வேண்டியிருந்தது. ஆற்றங்கரைதான், திறந்தவெளிதான். 1952-ல் இறந்த அந்த அம்மாளின் சமாதி அதே கரையில், தியாகராஜர் சன்னதியைப் பார்த்தபடி இருக்கிறது. போனால் அங்கேயும் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

சரி, தூக்கத்துக்கு வருகிறேன்.

இசை கேட்பது என்றால் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, இரண்டு காதையும் மேடையிடம் ஒப்படைப்பது என்று நமக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இது ரொம்பப் புதுப் பழக்கம். ஐரோப்பாவிலேயே பதினெட்டாம் நூற்றாண்டில் ஆபெரா என்கிற இசை நாடக அரங்குகளில் சாப்பிட்டார்கள், வம்பு பேசினார்கள், பிடித்த பாட்டு வரும்போது மட்டும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் 1876-ல் பைராய்ட் நகரில் தனக்கென்று அரங்கம் கட்டி, விளக்கை அணைத்து, ஜனங்களை மேடையைப் பார்த்து உட்காரவைத்தார். அந்த இருட்டு அறை நமக்கும் வந்து சேர்ந்தது. கூடவே குடைக்காம்பும்.

நம் ஊரில் இசை பெரும்பாலும் அரைக் காதுக்காக உண்டானது. மல்லாரி கேட்டிருக்கிறீர்களா? பாட்டு வரி எதுவும் கிடையாது. நாகஸ்வரமும் தவிலும்தான், ராகம் கம்பீரநாட்டை. சுவாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது. அதிலும் வகை உண்டு. அபிஷேகத்துக்குத் தீர்த்தம் வரும்போது தீர்த்த மல்லாரி, மடப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி. எங்கள் அத்தைக்கு ராகம், தாளம் ஒன்றும் தெரியாது. அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருப்பாள். கோயில் இரண்டு தெரு தள்ளி. சத்தம் காற்றில் வரும், நடுவில் மாடு கத்தும், பக்கத்து வீட்டில் தோசைக்கல்லில் மாவு விழும். திடீரென்று அத்தை தலையைத் தூக்கி, “தளிகை போவுது பாரு. வாசல் தெளிச்சாச்சா?” என்பாள். கையோ புளியிலேயே இருக்கும். உங்கள் கேள்விக்கு, ‘இது கேட்பதாகுமா’ என்கிற அந்தக் கேள்விக்கு, அத்தையைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

நாகஸ்வரமே அப்படிப்பட்ட காதுக்குச் செய்யப்பட்டதுதான். பழைய திமிரி நாகஸ்வரம் குட்டை, சுருதி தூக்கல். நாலு வீதிக்கும் கேட்டாக வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கையில் புகழ்பெற்ற பாரி நாகஸ்வரம் நீளம், சுருதி இறக்கம். மேடைக்கும் மைக்குக்கும் வாட்டமானது. அவர் வாசித்த தோடி ராகத்தை நான் இசைத்தட்டில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனாலும் வீதியில் வாசிக்கும்போது நாகஸ்வரம் நம்மைத் தேடி வருகிறது. நெருங்குகிறது, வாசலில் நிற்கிறது, தெருமுனை திரும்பித் தேய்ந்துபோகிறது. அரங்கத்தில் அது ஒரே இடத்தில் கட்டிப்போட்ட யானை. கல்யாண மண்டபத்தில் இன்னும் மோசம். சாப்பாட்டுப் பந்தி வரிசைக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு... வேண்டாம், அதைத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது.

கூத்துக்கும் இதுதான். விடிய விடிய நடக்கிற கூத்தை ஒரு நொடி விடாமல் பார்த்தவன் என்று ஊரில் யாரையும் நான் சந்தித்ததில்லை. “துகில் உரியிறப்ப எழுப்பிவிடு” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுத் துண்டை விரிப்பார்கள். உங்கள் தோழிக்கு வெளிநாட்டு உதாரணம் வேண்டுமென்றால் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவைச் சொல்லுங்கள். 1969 ஆகஸ்ட் 15 தொடங்கி மூன்று நாளில் முடிய வேண்டியது, மழையாலும் குழப்பத்தாலும் திங்கள் காலைவரை இழுத்துவிட்டது. கடைசியாக கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மேடையேறியபோது, வந்த நாலு லட்சம் பேரில் பெரும்பகுதி ஊருக்குக் கிளம்பிவிட்டிருந்தது. நீங்களாவது அந்த இடத்திலேயே தூங்கினீர்கள்.

என்னை இப்படிப் பேசவைத்தவர் பெரியப்பா. எழுபதுகளின் நடுப்பகுதி, எனக்குப் பத்து வயது. கண்டியூர்ப் பக்கம் ஒரு அரிசி மில்லில் பெரியப்பா கணக்குப்பிள்ளை. ஆராதனை தை மாதத்தை ஒட்டி வரும். சம்பா அறுவடை நேரம் அது. நெல் வண்டி நெல் வண்டியாக மில்லுக்கு வந்து நிற்கும். பகலெல்லாம் மூட்டை எண்ணிவிட்டு, சாயங்காலம் குளித்து, சைக்கிளில் முன்கம்பியில் என்னை உட்காரவைத்துக் கிளம்பிவிடுவார். முதலில் குடமுருட்டிப் பாலம், அப்புறம் காவிரிப் பாலம். கம்பியில் துண்டைச் சுற்றியிருப்பார், அப்படியும் தொடை மரத்துப்போகும். ஹேண்டில்பாரில் ஒரு பை. அதில் ஜமுக்காளம், கூஜாவில் காப்பி, எனக்கு ஒரு ஸ்வெட்டர்.

தியாகராஜரின் ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடும் அன்று காலை அவர் வரவே மாட்டார். “அது ரேடியோவுல வரும். கூட்டத்துல என்னத்தைக் கேக்கறது” என்பார். அவருக்கு ராத்திரிதான் கணக்கு. கீற்றுப் பந்தலுக்குள் போக மாட்டார். வெளியே மணலில், தென்னைமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும் இடமாகப் பார்த்து ஜமுக்காளத்தை விரிப்பார். ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று ஒருவர் மாற்றி ஒருவர் பாடிக்கொண்டே இருப்பார்கள். பெரியப்பா கடைத்தெருவில் அசோகா வாங்கித் தருவார். பாசிப்பருப்பு அல்வாதான், ஆனால் அல்வா என்று சொன்னால் திருவையாற்றுக்காரர்கள் ஏற்கமாட்டார்கள். பொட்டலக் காகிதத்தில் நெய் ஊறி, அச்செழுத்து பின்பக்கம் தெரியும். நான் அந்த எழுத்தைத் தலைகீழாகப் படித்துக்கொண்டே தின்பேன். நான் தின்று முடிப்பதற்குள் பெரியப்பா துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கியிருப்பார்.

எனக்கு அவமானமாக இருக்கும். இவ்வளவு தூரம் மிதித்து வந்து தூங்குகிறாரே என்று. உங்கள் தோழி மாதிரியேதான் நானும்.

ஒரு வருடம், பன்னிரண்டு மணிக்கு மேல் இருக்கும், கரண்ட் போய்விட்டது. ஸ்பீக்கர் கப்பென்று நின்றது. அடுத்த நொடி பெரியப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் மட்டுமல்ல. இருட்டுக்குக் கண் பழகியதும் பார்க்கிறேன், மணல் முழுக்கத் தலைகள். இத்தனை நேரம் போர்த்திக்கொண்டு மூட்டை மாதிரி கிடந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ரயில் நடுக்காட்டில் நின்றால் பெட்டி முழுக்க முழித்துக்கொள்ளுமே, அப்படி. யாரும் பேசவில்லை. தூரத்தில் பந்தலுக்குள் பாடகர் நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்தார். மைக் இல்லாத குரல், மெலிந்து, நூல் மாதிரி வந்தது. ஸ்பீக்கர் சத்தத்தில் அதுவரை கேட்காத மிருதங்கத்தின் இடது பக்கமும், அதற்குக் கீழே தண்ணீர்ச் சத்தமும். மேட்டூர் அணையை அடைக்க இன்னும் சில நாள் இருந்திருக்க வேண்டும், ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு கிழவி இருமினாள், உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். யார் பாடினார், என்ன கீர்த்தனை, எதுவும் எனக்கு நினைவில்லை. பெரியப்பா தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். முழித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தாளத்துக்குச் சரியாக விழுந்தது தட்டு. எங்கே எண்ணிக்கொண்டிருந்தார் அதுவரை?

கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. ஸ்பீக்கர் ஒரு தடவை கிறீச்சிட்டு, பழைய சத்தத்துக்கு வந்தது. மணலில் ஒவ்வொரு தலையாகச் சாய்ந்தது. எனக்குத் தூக்கம் போய்விட்டிருந்தது. “முழிச்சுட்டுக் கேளுங்க பெரியப்பா” என்றேன். அவர் கூஜாவைத் திறந்து, காப்பி ஆறிவிட்டதா என்று ஒரு வாய் குடித்துப் பார்த்தார். மூடி வைத்துவிட்டுத் துண்டை உதறினார்.

“இப்பத்தான் நல்லா பாடறாரு. படு.”