அந்த இரவின் பொறுப்பு யாருடையது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவிட் காலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்தேன். ஓரிரவு முதியவர் ஒருவர் மகளிடம் பேச வேண்டும் என்று என் கையிலிருந்த கைபேசியைச் சுட்டிக்காட்டினார். பக்கத்துப் படுக்கையில் ஆக்சிஜன் அளவு சரிந்துகொண்டிருந்ததால் "இதோ வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பியபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது, விடிவதற்குள் இறந்துவிட்டார். "உன்மேல் தவறில்லை" என்கிறார்கள் எல்லோரும். பணிச்சோர்வு என்று விடுப்பும் தந்தார்கள். ஓய்வெடுத்தும் குறையவில்லை. அவருடைய மகளைத் தேடிச் சென்று சொல்லிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பணிச்சோர்வு என்றால் விடுப்பில் ஓரளவாவது குறைந்திருக்கும். செய்தே ஆகவேண்டும் என்று நீங்கள் நம்பிய ஒன்றைச் செய்ய முடியாத இடத்தில் உங்களை நிறுத்திவிட்டார்கள். இதை அறக்காயம் என்கிறார்கள். வியட்நாம் போர்வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜொனாதன் ஷே 1990களில் இதைப் பற்றி எழுதினார். ஒருவர் செய்தது மட்டுமல்லாமல், தடுக்க முடியாமல் போனதும் கண்ணெதிரே கண்டதும்கூட இக்காயத்தை உண்டாக்கும் என்று உளவியலாளர் பிரெட் லிட்ஸும் சகாக்களும் 2009இல் விளக்கினார்கள். இது தனியொரு நோயல்ல என்றாலும் மனச்சோர்வுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் இட்டுச் செல்லக்கூடியது. அப்படி ஏதேனும் தலைகாட்டினால் தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

"உன்மேல் தவறில்லை" என்பது பெரும்பாலும் பேச்சை முடித்துக்கொள்வதற்காகச் சொல்லப்படுவது. அந்த முதியவருக்குச் செய்ய வேண்டிய ஒன்று செய்யப்படாமல் போனது உண்மை. அதை மறுக்கும் ஆறுதல் உங்களிடம் எடுபடாது. (கைதட்டி வீரர்கள் என்று கொண்டாடியதும் இதைத்தான் செய்தது. வீரராக்கப்பட்டவர் தன் மனத்தை உறுத்துவதை யாரிடம் சொல்வார்?) ஆனால் அது ஏன் செய்யப்படாமல் போனது என்று கேட்டால் பதில் உங்களோடு நிற்பதில்லை. நெருக்கடியில் அதிகாரத்தில் இருப்பவர் நியாயத்தைக் கைவிடுவதையே ஷே இக்காயத்தின் மையத்தில் வைத்தார். இரண்டு படுக்கைகளுக்கு நடுவே நீங்கள் ஒருவரே நிற்க நேர்ந்தது பணிப்பட்டியலைப் போட்டவர்களும், அதற்கும் மேலே ஆட்களை நியமிக்காமல் விட்டவர்களும் எடுத்த முடிவு. 2020 மார்ச்சில் இத்தாலியின் மயக்கவியல், தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கம், இடமில்லாதபோது யாரைச் சேர்ப்பது என்பதற்கு நெறிகளை எழுதி வெளியிட்டது. வயதை ஓர் அளவுகோலாக்கியதற்காகக் கடும் கண்டனத்துக்கு உள்ளான ஆவணம் அது. எனக்கும் அதில் உடன்பாடில்லை. ஆயினும் படுக்கையருகே நிற்கும் ஒருவர் தலையில் மட்டும் முடிவின் சுமை விழக்கூடாது என்ற அதன் நோக்கம் சரியானது. உங்கள் நிர்வாகம் அந்த அளவுக்குக்கூட எதையும் தன் பெயரில் ஏற்றுக்கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது. அன்று உடன் பணியாற்றியவர்களோடு சேர்ந்து, மேலதிகாரிகளும் அமர்ந்திருக்கும் அறையில் அந்த இரவைப் பேசக் கேளுங்கள்.

மகளிடம் தனியாகப் போக வேண்டாம். உங்கள் பாரம் குறையும். அவருக்கோ, தந்தை கேட்டும் கிடைக்காமல் போன அழைப்பு புதிய துயரமாகலாம். கடைசி மணிநேரங்களைப் பற்றி அவராகவே மருத்துவமனையிடம் கேட்டால், பொறுப்பில் இருக்கும் ஒருவர் உடனிருக்க, மறைக்காமல் சொல்லுங்கள்.