பக்கத்து வயல் வழியாகத் தண்ணீர் கொண்டுபோக உரிமை உண்டா?

உண்டு. சட்டத்தில் அதற்கு ‘வசதியுரிமை’ என்று பெயர்: உங்கள் நிலத்தின் தேவைக்காக அடுத்தவர் நிலத்தை ஓரளவு பயன்படுத்திக்கொள்ளும் உரிமை.

மேட்டூரில் தண்ணீர் திறந்தாலும், மன்னார்குடிப் பக்கம் வாய்க்காலை ஒட்டிய வயலுக்குத்தான் நேரடி மடை. உள்வயலுக்கு முன்வயலின் வரப்போரமாகத்தான் தண்ணீர் வர வேண்டும். அங்கே நாலு மண்வெட்டி மண் போட்டால் நாற்று கருகிவிடும். இந்த நிலையில்தான் 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம், 20 ஆண்டுகள் வெளிப்படையாக, தடையின்றி, உரிமையாகவே பயன்படுத்தியவருக்கு இதைத் தருகிறது. அனுமதி கேட்டு விட்ட தண்ணீர் கணக்கில் வராது (பலர் சறுக்குவது இங்கேதான்).

பின்கட்டில் குடியிருப்பவர் முன்கட்டு நடை வழியாகப் போய்வருவது போலத்தான் இது. நடக்கலாம், கட்டில் போட முடியாது.

தண்ணீர் ஓடிய அந்தத் துண்டு நிலமே தனக்குச் சொந்தம் என்று சிலர் வேலி போடுகிறார்கள்; ஆனால் மண் முன்வயல்காரருடையதுதான்.