கை எட்டும் உயரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாலை நடையில், ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற குடியிருப்புகளுக்கு நடுவே விசித்திரமான ஒரு வீட்டைக் கண்டேன். இரண்டு தளங்களுக்கும் இடையே, எதிலும் சேராமல், வட்டமான சிறு ஜன்னல் ஒன்று இருக்கிறது. முன்சுவரில் ஓரளவு உயரம் வரை ஓட்டாஞ்சில்லுகளும் பீங்கான் துண்டுகளும் பதித்திருக்கிறார்கள். அதற்கு மேல் வெறும் காரைதான். இப்போதெல்லாம் அந்தத் தெரு வழியாகவே நடக்கிறேன். அடுத்தவர் வீட்டை நின்று பார்ப்பது பண்பற்ற செயலா? படம் எடுத்துப் பகிரலாமா?

ம.

அன்புள்ள ம.,

‘அழகு’ என்று சொல்லி நிறுத்தாமல் கண்டதை எழுதியிருக்கிறீர்கள். அதனால் அந்த வீட்டை இங்கிருந்தே கொஞ்சம் படிக்க முடிகிறது. தளங்களுக்கு இடையே உள்ள ஜன்னலுக்குப் பின்னால் பெரும்பாலும் மாடிப்படி திரும்பும் இடம் இருக்கும். படியேறுகிறவருக்கு வெளிச்சம் வேண்டும் என்று நினைத்தவர், வெளியே வரிசை கலைவதைப் பொருட்படுத்தவில்லை. சில்லுகள் பாதியில் நின்றுவிடுவது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. தரையில் நிற்பவரின் கை எட்டும் உயரம் அது என்றால், சாரம் கட்டாமல், கொத்தனாரை அழைக்காமல், குடியிருப்பவரே பதித்திருக்கக்கூடும். அடுத்த முறை அதன் மேல்விளிம்பைக் கவனியுங்கள்: கூலிக்குச் செய்த வேலை பெரும்பாலும் நூல் பிடித்தாற்போல் முடியும், சொந்தக் கைவேலை ஏறி இறங்கி முடியும்.

பிரான்சின் ஷார்த்ர் நகரில் கல்லறைத் தோட்டத்தைப் பெருக்கும் வேலை பார்த்த ரேமோன் இசிதோர், 1930களின் இறுதியில், நடந்துபோகும் வழியில் மின்னிய கண்ணாடி, பீங்கான் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கி, பல ஆண்டுகள் உழைத்து, தன் வீட்டின் சுவர்களோடு அடுப்பையும் தையல் இயந்திரத்தையும்கூட அவற்றால் மூடினார். அந்த வீடு இன்று பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். வியன்னாவில் ஓவியர் ஹுண்டர்ட்வாசரின் எண்ணப்படி எழுந்து 1985இல் நிறைவடைந்த அடுக்குமாடிக் குடியிருப்பில், வாடகைக்கு இருப்பவர் தன் ஜன்னலிலிருந்து கை எட்டும் தூரம் வரை வெளிச்சுவரை விருப்பம்போல் அலங்கரித்துக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்திலேயே உண்டு. அக்கட்டடத்தின் வண்ணக் கலவை என் கண்ணுக்குச் சற்று அதிகம்தான். ஆனால் அந்த உரிமை எல்லாக் குடியிருப்புகளிலும் இருந்தால் நல்லது. உங்கள் தெருவின் மற்ற வீடுகளில் இல்லாதது, அங்கே வாழ்கிறவரின் கை பட்ட அந்தச் சுவர்ப்பகுதிதான் என்று நினைக்கிறேன்.

வெளிச்சுவர் தெருவைப் பார்த்து நிற்பது. அதை நின்று பார்ப்பதில் பிழையில்லை. திறந்த ஜன்னலுக்குள் பார்வை போகுமானால் மட்டும் நடையைக் கட்டிவிடுங்கள். படம் வேறு விஷயம். கைப்பேசிப் படத்தில் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம். கேட்காமல் பகிர்ந்தால், குடியிருப்பவருக்குத் தெரியாமலே அவர் வாசலை வேடிக்கைப் பொருளாக்கிவிடுவோம். அவர் வெளியே நிற்கும் நாளில், படத்துக்கு அனுமதி கேட்பதற்கு முன், அந்தச் சில்லுகள் எங்கே கிடைத்தன என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.