முடி நடும் சிகிச்சை: "வலியே இல்லை" என்பவரிடம் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 34. நெற்றி ஏறிக்கொண்டே போவதால் முடி நட்டுக்கொள்ள எண்ணி மூன்று மையங்களில் விசாரித்தேன். மூன்றிலும் "வலி சிறிதும் இருக்காது" என்றே சொல்கிறார்கள். அவற்றில் ஒரு மையம், ஊசியே இல்லாமல் மரத்துப்போகச் செய்யும் கருவி தங்களிடம் இருப்பதாகச் சொல்லி, அதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறது. ஊசி என்றாலே எனக்கு நடுக்கம். கூடுதல் பணம் கொடுக்கலாமா?

பதில்: அவர்கள் சொல்வது பாதி உண்மை. பின்மண்டையிலிருந்து மயிர்க்கால்களை எடுத்து முன்பக்கத்தில் பதிக்கும் பல மணி நேர வேலையின்போது பெரும்பாலோருக்கு வலி தெரிவதில்லை. தோலை இழுப்பது போலவும் அழுத்துவது போலவும் ஓர் உணர்வும், துளையிடும் கருவியின் கரகரப்பும் மட்டுமே இருக்கும். ஆனால் அந்த நிலைக்குக் கொண்டுவருவதற்காகத் தொடக்கத்தில் போடப்படும் மரப்பு ஊசிகள் கட்டாயம் வலிக்கும். பின்மண்டையில் ஒரு வரிசை, நெற்றியோரத்தில் ஒரு வரிசை என்று பல குத்துகள் விழும். ஒவ்வொன்றிலும் மருந்து இறங்கும் சில விநாடிகளுக்குச் சுரீரென்று எரியும். சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிடும் என்பதும் உண்மைதான். விளம்பரத்தில் சிரித்தபடி படுத்திருப்பவர், ஊசி போட்டு முடித்த பிறகு படம் எடுக்கப்பட்டவர்.

ஊசியில்லாக் கருவி என்பது அழுத்தத்தின் மூலம் மருந்தைத் தோலுக்குள் பீய்ச்சுவது. அது மேலாக ஒரு சிறு பரப்பை மரக்கச் செய்யும். அதற்குப் பிறகு, முழுப் பரப்பும் ஆழமாக மரத்துப்போக, வழக்கமான ஊசியைப் போட்டே ஆக வேண்டியிருக்கும். ஆகவே அந்தக் கருவி முதல் சில குத்துகளின் கூர்மையைக் குறைக்கிறதே தவிர, ஊசியை ஒழிப்பதில்லை. "இந்தக் கருவியைப் பயன்படுத்திய பிறகு வேறு ஊசியே போட மாட்டீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். பதிலில் தயக்கம் தெரிந்தால், தனிக் கட்டணம் எதற்கு என்பது உங்களுக்கே விளங்கிவிடும். மிக மெல்லிய ஊசியைப் பயன்படுத்துவது, மருந்தை அவசரமின்றி மெல்லச் செலுத்துவது, மருந்தின் அமிலத் தன்மையைக் குறைக்கச் சிறிது சோடியம் பைகார்பனேட் சேர்ப்பது, குத்தும் இடத்துக்கு அருகே அதிர்வுக் கருவியை வைப்பது ஆகியவையும் எரிச்சலைக் குறைக்கும். இவை கைப்பக்குவத்தைச் சேர்ந்தவை. நல்ல மருத்துவர் இவற்றுக்குத் தனிக் கட்டணம் கேட்பதில்லை என்பது என் கருத்து.

நீங்கள் உண்மையில் விசாரிக்க வேண்டியது வேறு: ஊசியைப் போடப்போவது யார், அளவைக் கணக்கிடுவது யார்? வழக்கமாகப் பயன்படும் லிடோகெய்ன் மருந்துக்கு உச்ச வரம்பு உண்டு. இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலின் அதில் கலந்திருந்தால், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 420 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் இருப்பதால், 21 மில்லிலிட்டரிலேயே வரம்பு வந்துவிடும். சிகிச்சை நீள நீள மரப்பு கலைந்து மறுபடியும் ஊசி போட வேண்டியிருக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் செலுத்திய அளவை ஒருவர் எழுதிக்கொண்டே வர வேண்டும். அளவு மீறினால் உதட்டைச் சுற்றி மதமதப்பு, காதில் ரீங்காரம், நாக்கில் உலோகச் சுவை, தலைசுற்றல் ஆகியவை முதலில் தோன்றும். கவனிக்காமல் விட்டால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். எனவே "உங்கள் எடை எவ்வளவு?" என்று கேட்காமலேயே தேதி குறித்துக் கொடுக்கும் இடத்தில், வலியைக் காட்டிலும் பெரிய கவலை இருக்கிறது.

படுக்கையைப் பற்றியும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மயிர்க்கால்களை எடுக்கும் வரை குப்புறவோ ஒருக்களித்தோ அசையாமல் கிடக்க வேண்டும். ஊசியை மறந்துவிட்டுக் கழுத்துவலியை மட்டுமே நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. இடையில் எழுந்து கழிப்பறைக்குப் போகவும், ஏதாவது சாப்பிடவும் இடைவேளை தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எஃப்யூஇ முறைக்கு அதிகக் கட்டணம் சொல்கிறார்கள். பழைய முறையில்தான் வலியும் தழும்பும் உண்டு, இதில் இரண்டுமே கிடையாது என்பது சரியா?

பதில்: வலியைப் பொறுத்தவரை ஓரளவு சரி. எஃப்யூடி எனப்படும் பழைய முறையில் பின்மண்டையிலிருந்து ஒரு தோல்பட்டையை வெட்டியெடுத்துத் தைக்கிறார்கள். தையல் பிரிக்கப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதுவரை தலையின் பின்பகுதி இறுக்கிப் பிடித்தாற்போல் இருக்கும். அங்கே உணர்வு மந்தமாக இருப்பது சில மாதங்கள்கூட நீடிக்கலாம். எஃப்யூஇ முறையில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ விட்டமுள்ள துளைகளின் வழியே மயிர்க்கால்களை ஒவ்வொன்றாக எடுப்பதால் தையல் இல்லை. பின்பக்க வலியும் சில நாட்களில் போய்விடும்.

தழும்பே இல்லை என்பதோ தவறு. ஒரு நீளக் கோட்டுக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான வெண்புள்ளிகள் இருக்கும். முடியை ஓரளவு வளர்த்தால் தெரியாது, மழுங்கக் கத்தரித்தால் தெரியும். ஒரே இடத்தில் அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் பின்மண்டை பூச்சி அரித்த துணியைப் போல ஆகிவிடும். அதைச் சரிசெய்வது கடினம், ஏனெனில் எடுத்த இடத்தில் மயிர்க்கால் மறுபடி முளைப்பதில்லை. கட்டணத்தை ஒப்பிடும்போது, சொல்லப்படும் எண் கிராஃப்டைக் (ஒன்றாக எடுத்து நடப்படும் சிறு மயிர்க்கால் கொத்து) குறிக்கிறதா, முடியைக் குறிக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடி வரை இருக்கும். ஆகவே "4,000 முடி" என்பது சில நேரம் 2,000 கிராஃப்ட்தான். குறைந்த விலையாகத் தோன்றுவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான் பிறக்கிறது.

கேள்வி: சிகிச்சைக்குப் பிறகு எத்தனை நாள் விடுப்பு வேண்டும்? வீட்டில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். மையத்தில் "மறுநாளே வேலைக்குப் போகலாம்" என்கிறார்கள்.

பதில்: உடம்பால் போகலாம், தலையைக் காட்டத்தான் முடியாது. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மூன்று நான்கு நாளில் திரும்பிவிடுவோர் பலர். யாரும் எதுவும் கேட்காத அளவுக்குத் தலை தெளிய வேண்டுமென்றால் பத்து முதல் பதினான்கு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். பளு தூக்குவது, கடுமையான உடற்பயிற்சி ஆகியவற்றை இரண்டு முதல் நான்கு வாரம் வரையிலும், நீச்சலை ஏறக்குறைய ஒரு மாதம் வரையிலும் தள்ளிவைக்கச் சொல்வது வழக்கம்.

முதல் இரவுதான் சிரமமானது. மரப்பு கலையும்போது பின்மண்டையில் வெயிலில் காய்ந்த தோலைப் போன்ற எரிச்சலும் விண்விண்ணென்ற வலியும் வரும். பெரும்பாலோருக்குப் பாராசிட்டமால் போதுமானதாக இருக்கிறது. தலையை உயர்த்தி, ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில், மல்லாந்து படுக்க வேண்டும். பயணத்தின்போது கழுத்தில் மாட்டிக்கொள்ளும் வளையத் தலையணை இதற்கு உதவும், அதோடு பின்மண்டை படுக்கையில் உரசாமலும் காக்கும். தனியாக இருக்கும் உங்களுக்கு நான் சொல்வது: அன்று நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள், அன்றிரவு ஒருவரையாவது துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை, நீர் தெளிக்கும் குப்பி, முன்பக்கம் முழுதும் பொத்தான் வைத்த சட்டைகள் ஆகியவற்றை முன்னதாகவே எடுத்து வைத்துவிடுங்கள். தலைவழியே மாட்டும் பனியன் பதித்த இடத்தில் உரசும்.

இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் பலரும் பயந்துபோய்த் தொலைபேசியை எடுப்பார்கள். தலைக்குள் செலுத்தப்பட்ட திரவம் மெல்லக் கீழிறங்கி நெற்றியும் மூக்கின் மேற்பகுதியும் வீங்கும். சிலருக்குக் கண்ணிமையே திறக்காது. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் வலி இருக்காது, ஒரு வாரத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். நெற்றியில் குளிர் ஒத்தடம் கொடுக்கலாம். முடி நட்ட இடத்தில் கொடுக்கக் கூடாது. ஆனால் மூன்று நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடிக்கொண்டே போவது, சீழ், காய்ச்சல், நட்ட இடத்தில் தோல் கறுத்துப்போவது ஆகிய எதுவும் இயல்பானதல்ல. அன்றே மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

தலை அலசுவதை எப்போது தொடங்குவது என்பதில் மையத்துக்கு மையம் வழக்கம் மாறும். உங்களுக்குச் சொன்னதையே பின்பற்றுங்கள். ஷவரின் வேகம் நேராக விழாமல், குவளையில் மொண்டு மெல்ல ஊற்றி, ஷாம்பு நுரையை ஒற்றியெடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. நட்ட ஒவ்வொரு மயிர்க்காலையும் சுற்றி ஒரு சிறு பொருக்கு கட்டியிருக்கும். முதல் வாரத்தில் அதைப் பிய்த்தால் மயிர்க்காலும் கூடவே வந்துவிடலாம். அப்படி வந்தால் அந்த இடத்தில் இரத்தம் கசியும். பத்தாம் நாள் வாக்கில் மயிர்க்கால் வேர்பிடித்துவிடும் என்பதால், அதன் பிறகு நன்றாக ஊறவைத்து விரல்நுனியால் வட்டமாக வருடினால் பொருக்கு உதிரும். பொருக்கோடு ஒட்டிக்கொண்டு ஒரு சிறு முடியும் விழுவதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். இரத்தம் இல்லையென்றால் விழுந்தது முடித்தண்டுதான்.

இந்தக் காலத்தில் வலியைவிட அரிப்புதான் அதிகம் படுத்தும். அதற்காகத்தான் தெளிக்கும் குப்பி.

கேள்வி: முடி நட்டு ஐந்து வாரம் ஆகிறது. நட்டதெல்லாம் கொட்டிவிட்டது, முன்பிருந்த முடியும் சிறிது குறைந்திருக்கிறது. மையத்தில் கேட்டால், "உங்கள் இரத்தத்திலிருந்தே தட்டணுக்களைப் பிரித்துப் போடும் பிஆர்பி ஊசி ஆறு முறை போட்டால் வளரும்" என்று புதிதாக ஒரு பேக்கேஜ் காட்டுகிறார்கள். முதலில் கொடுத்த பணம் வீணா?

பதில்: வீணாகவில்லை, அவசரப்பட்டுப் புதிய பேக்கேஜில் கையெழுத்திடவும் வேண்டாம். நட்ட முடி இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை உதிர்வது எதிர்பார்க்கப்படும் ஒன்று. இடம் மாறிய மயிர்க்கால் ஓய்வுநிலைக்குப் போகிறது. தண்டு விழுகிறது, வேர் தோலுக்குள் இருக்கிறது. மூன்றாம் நான்காம் மாதத்தில் மெல்லிய முடியாக முளைக்கத் தொடங்கி, மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வீதம் வளரும். ஆறாம் மாதத்தில் வித்தியாசம் தெரியும். முழு விளைவுக்கு ஒரு வருடம், உச்சந்தலையில் சிலருக்கு ஒன்றரை வருடம்வரை ஆகும். அக்கம்பக்கத்துப் பழைய முடி அதிர்ச்சியில் உதிர்வதும் நடப்பதே. அதில் பெரும்பகுதி திரும்பி வரும், ஏற்கெனவே மெலிந்துபோன முடி திரும்பாமலும் போகலாம். முளைக்கும் காலத்தில் பருக்கள் போன்ற கொப்புளங்கள் வந்தால் நகத்தால் கிள்ளாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்த உதிர்வைப் பற்றி உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டு, அது நிகழும் வாரத்தில் இன்னொன்றை விற்பது எனக்கு நேர்மையாகப் படவில்லை. நட்ட முடி மறுபடி முளைக்கப் பிஆர்பி கட்டாயம் அல்ல. ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் மாதம் ஒருமுறை படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை கிராஃப்ட் எடுத்தார்கள், எத்தனை பதித்தார்கள், யார் செய்தார் என்ற குறிப்பின் நகலை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு வருடம் கழித்து முறையிட நேர்ந்தால், இந்த இரண்டும்தான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம். நடாத பழைய முடியின் வழுக்கை தன் போக்கில் தொடரும் என்பதால், மினாக்ஸிடில், ஃபினாஸ்டெரைட் போன்ற முடி உதிர்வுக்கான மருந்துகள் உங்களுக்குப் பொருந்துமா என்பதை மையத்தோடு தொடர்பில்லாத ஒரு தோல் மருத்துவரிடம் கேட்பது நல்லது.

கேள்வி: இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். முடி நடுவதற்கு ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?

பதில்: அதை எழுதிக்கொடுத்த இதய மருத்துவர் சொன்னால் மட்டும். இரத்தக் கசிவு குறையும் என்பதற்காக அவர்கள் கேட்கிறார்கள். ஆனால் சிலருக்கு இந்த மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. உங்கள் மருத்துவரிடமிருந்து கடிதம் கொண்டுவரச் சொல்லாமல் வாய்மொழியாகவே நிறுத்தச் சொன்ன மையத்தை நான் தவிர்ப்பேன்.

கேள்வி: முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். ஒப்புதல் படிவத்தைச் சிகிச்சை நாளன்று காலையில் தருவார்களாம். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: படிவத்தைப் படிக்காமல் பணம் கட்ட வேண்டாம். தலை மழித்து, மயக்கம் வரவைக்கும் மாத்திரையும் விழுங்கிய பிறகு கையில் கொடுக்கப்படும் தாளை எவரும் நிதானமாகப் படிப்பதில்லை. நகலை முன்னதாகவே கேளுங்கள்; தர மறுத்தால் அதுவே ஒரு தகவல். துளையிடுவதும் பதிப்பதும் மருத்துவரா உதவியாளரா, அந்த நேரம் முழுதும் மருத்துவர் கட்டடத்துக்குள் இருப்பாரா, இரவில் எந்த எண்ணை அழைத்தால் மருத்துவரே பேசுவார், தொற்று வந்தால் அதற்கான செலவு யாருடையது, நீங்கள் தேதியை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் ஆகிய ஐந்துக்கும் படிவத்திலோ ரசீதிலோ எழுத்தில் பதில் இருக்க வேண்டும். "95 சதவீத வளர்ச்சி உத்தரவாதம்" என்று எழுதியிருந்தால், எதை, எந்த மாதத்தில், எப்படி எண்ணுவார்கள் என்று கேளுங்கள். பாதிப் பணத்தைச் சிகிச்சை நாளன்று வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கும் மையங்களும் இருக்கின்றன. தள்ளுபடியை விட்டுக்கொடுத்தாவது அப்படிப்பட்ட இடத்தையே தேர்ந்தெடுங்கள்.